மைல் கணக்கை நம்பி மலைநாட்டுக்கு வராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்காட்லாந்து சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, எழுத்தும் சரளம். ஆனால் கடைசியில் கட்டம் கட்டிப் போட்டிருந்த ஐந்து நாள் பயணத் திட்டத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. முதல் நாள் எடின்பரோவிலிருந்து கிளென்கோ வழியாக ஸ்கை தீவு, மறுநாள் ஸ்கை முழுவதும், மூன்றாம் நாள் வெளித் தீவுகளான ஹாரிஸ், லூயிஸ், அதற்கடுத்த இரண்டு நாளில் வட கடற்கரையைச் சுற்றிக்கொண்டு இன்வர்னெஸ். வழி நெடுக எங்கே என்ன சாப்பிடலாம் என்றும் எழுதியிருந்தது. இதை வண்டி ஓட்டிப் பார்த்தவர் எழுதியிருக்க முடியாது. வரைபடத்தில் விரலை ஓட்டியவர் எழுதியது.

நான் இன்வர்னெஸில் ஒரு வாடகைக் கார் நிறுவனத்தின் கவுன்டரில் வேலை பார்க்கிறேன். சாவி கொடுப்பது, வண்டி திரும்பி வந்ததும் சுற்றி வந்து கீறல் பார்ப்பது, இதுதான் என் பிழைப்பு. போகும்போது எல்லோர் முகத்திலும் சிரிப்பு இருக்கும். திரும்பும்போது யார் முகத்தில் அது மிச்சம் இருக்கிறது என்பதை வைத்தே அவர்கள் போட்ட திட்டம் எப்படி என்று சொல்லிவிடுவேன். கட்டுரை வந்த பிறகு, அந்தப் பக்கத்தைக் கைபேசியில் காட்டி, "இப்படியே போகலாமா அண்ணா?" என்று ஒரு தமிழ்க் குடும்பம் கேட்டது. கவுன்டரில் பின்னால் வரிசை நின்றதால் அவர்களிடம் முழுதாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்கிறேன்.

முதலில் சாலை. இன்வர்னெஸிலிருந்து ஸ்கையின் போர்ட்ரீ ஊருக்கு 110 மைலுக்குச் சற்று அதிகம். நெடுஞ்சாலைக் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் வழியில் எங்கும் நிற்காமல் போனாலே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிற்காமல் யாரால் போக முடியும்? எடின்பரோவிலிருந்து கிளம்பினால் ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாது. அதுவும் அது நல்ல சாலை, இரண்டு பக்கமும் வண்டி போகிற சாலை. அதைவிட்டு இறங்கினால் ஒற்றைத் தடம்தான். ஒரு வண்டி அகலத்துக்குத் தார், இரண்டு பக்கமும் புல், அல்லது பள்ளம், அல்லது ஏரி. அங்கங்கே கொஞ்சம் அகலப்படுத்தி, 'பாஸிங் பிளேஸ்' என்று வெள்ளைப் பலகை வைத்திருப்பார்கள்.

அந்த இடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இங்கே எல்லாமே. எதிரே வண்டி வருகிறது, அகலமான இடம் உங்கள் இடப்பக்கம் இருக்கிறது என்றால் அதில் ஒதுங்கிவிடுங்கள். வலப்பக்கம் இருந்தால் குறுக்கே பாய்ந்து அதில் ஏறக் கூடாது. அதற்கு நேராகச் சாலையிலேயே நின்றால் போதும், எதிரே வருபவர் அதில் புகுந்து உங்களைத் தாண்டிப் போவார். பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தால் அவருக்கும் அங்கே வழிவிட வேண்டும். அவர் பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிற உள்ளூர்க்காரர், உங்களைப்போல மலை பார்க்க வந்தவர் இல்லை. ஹாரன் அடிக்காதீர்கள். தாண்டும்போது ஸ்டியரிங்கிலிருந்து நாலு விரலைத் தூக்கிக் காட்டுங்கள், அதுதான் இங்கே நன்றி. அப்புறம், படம் எடுப்பதற்காக அந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போகவே போகாதீர்கள். ஸ்கை தீவுக்காரர்களின் பொறுமையை இதைப்போல வேறு எதுவும் சோதிப்பதில்லை.

இடப்பக்கம் ஓட்டுவது நம் ஆட்களுக்குப் பழக்கம்தான். இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு 12 மாதம் வரை இங்கே ஓட்டலாம், அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். ஆனாலும் திரும்பி வருகிற வண்டிகளில் இடப்பக்க முன் டயரைத்தான் நான் முதலில் குனிந்து பார்ப்பேன். ஒற்றைத் தடத்தில் எதிரே வண்டி வந்ததும் பதறிப்போய்ப் புல்லில் இறக்கியிருப்பார்கள். தார் முடிகிற விளிம்பு ஓரிடத்தில் உடைந்து நாலு விரல் ஆழத்துக்கு இறங்கும். அதில் உரசி டயரின் பக்கவாட்டில் வெட்டு, ரிம்மில் சுற்றிலும் வெள்ளைக் கோடு. சாதாரண காப்பீட்டில் டயர், கண்ணாடி, அடிப்பாகம் எல்லாம் பெரும்பாலும் சேராது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வண்டியைப் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஏழு பேர் உட்காரும் வண்டியைப் பெருமைக்கு எடுக்காதீர்கள். நாலு பேர் என்றால் சின்ன வண்டியே போதும். ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் கோடைக்கு மாதக்கணக்கில் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கட்டுரையில் இரண்டு நாளில் முடித்துவிடச் சொன்ன அந்த வட கடற்கரைச் சுற்று 516 மைல். 2015-இல் 'நார்த் கோஸ்ட் 500' என்று பெயர் சூட்டி விளம்பரப்படுத்தினார்கள், அன்றிலிருந்து கேம்பர்வேன் கூட்டம் தாங்கவில்லை. இன்வர்னெஸ் கோட்டையில் தொடங்கி அங்கேயே முடியும். ஒரு வாரம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். அதில் ஆப்பிள்கிராஸ் என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போகிற பியாலாக் நா பா கணவாய் 626 மீட்டர் உயரம், கடல் மட்டத்திலிருந்து விறுவிறுவென்று ஏறுகிற ஒற்றைத் தடம், கொண்டைஊசி வளைவுகள். புதிதாக ஓட்டப் பழகுபவர்களும் பெரிய வண்டிகளும் கேரவன்களும் வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். பயமாக இருந்தால் ஷீல்டேக் வழியாகக் கடற்கரைச் சாலை ஒன்று இருக்கிறது. அதில் போய் அதே ஆப்பிள்கிராஸில் அதே மீனைச் சாப்பிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

இப்போது படகு. கைல் ஆஃப் லோகால்ஷிலிருந்து படகேறி ஸ்கைக்குப் போகலாம் என்று கட்டுரை சொன்னது. அந்தப் படகு 1995-இல் பாலம் திறந்ததோடு நின்றுபோயிற்று. பாலத்துக்குச் சுங்கமும் 2004 டிசம்பரிலிருந்து கிடையாது. நேராக ஓட்டிப் போய்விடலாம்.

ஆனால் படகில்தான் தீவுக்குள் நுழைய வேண்டும் என்று ஆசை இருப்பவர்களுக்கு, கட்டுரையாளர் விட்டுவிட்ட ஒரு நல்ல வழி இருக்கிறது. எலன் டோனன் கோட்டைக்குச் சற்று முன்னால், ஷீல் பிரிட்ஜ் என்ற இடத்தில் இடப்பக்கம் திரும்பி, மாம் ராட்டகன் மேட்டில் ஏறி இறங்கினால் கிளெனெல்க். அங்கிருந்து ஸ்கையின் கைல்ரே கரைக்கு ஒரு சின்னப் படகு ஓடுகிறது. ஒரு தடவைக்கு ஆறு கார். படகின் மேல்தளமே ஒரு சுழல்மேடை. கரையில் பக்கவாட்டாக ஒட்டி நிற்கும். நீங்கள் வண்டியை ஏற்றியதும் வேலையாட்கள் தளத்தைக் கையால் தள்ளித் திருப்புவார்கள், கார்களோடு சேர்ந்து. திருப்புவதற்கு என்ஜின் கிடையாது, பொத்தான் கிடையாது, ஆள்தான். கையால் திருப்புகிற இந்த வகைப் படகில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்கிறார்கள். ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துகிறார்கள். ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரைதான் ஓட்டம், முன்பதிவு இல்லை. நீரோட்டம் சுழித்துக்கொண்டு போகும், பக்கத்திலேயே கடல்நாய் தலையைத் தூக்கிப் பார்க்கும். ஐந்து நிமிடத்தில் அக்கரை. எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஸ்கைக்கு இந்த வழியாகத்தான் கூட்டிப்போவேன்.

வெளித் தீவுகளுக்கு இப்படி நினைத்த நேரத்துக்குப் போக முடியாது. ஸ்கையின் வடக்கே ஊயிக் துறையிலிருந்து ஹாரிஸ் தீவின் டார்பர்ட்டுக்குக் கப்பல், ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். உல்லாபூலிலிருந்து லூயிஸின் ஸ்டோர்னோவேக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். ஆள் ஏறுவதற்கு இடம் எப்படியும் கிடைக்கும். கோடையில் காருக்கு இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. ஆகவே விமான டிக்கெட் எடுத்த கையோடு முதலில் கப்பல், பிறகு அறை, அதற்கும் பிறகுதான் எங்கே என்ன பார்க்கலாம் என்ற பேச்சு. புறப்படும் நேரத்துக்குப் போய் நின்றால் ஏற்ற மாட்டார்கள். அரை மணி, முக்கால் மணிக்கு முன்பே வரிசையை மூடிவிடுவார்கள், பயணச்சீட்டில் போட்டிருக்கும் நேரத்தைப் பாருங்கள். காற்று பலமானால் கப்பலே ரத்தாகும், கோடையிலும்கூட. அதனால் தீவிலிருந்து திரும்பும் நாளையும் ஊருக்கு விமானம் ஏறும் நாளையும் ஒன்றாக வைக்காதீர்கள். நடுவில் ஒரு முழு நாள் சும்மா இருக்கட்டும்.

தீவுக்காரர்களுக்கு இந்தக் கப்பல் பஸ் மாதிரி. பழைய கப்பல்கள் அடிக்கடி பழுதாகி நிற்கின்றன. 2015-இல் ஒப்பந்தம் போட்டு இரண்டு கப்பல் கட்டச் சொன்னார்கள், அதில் முதலாவதான கிளென் சானக்ஸ் பயணிகளை ஏற்றியதே 2025 ஜனவரியில்தான். அதுவும் அரன் தீவுக்கு. இந்த நிலையில், போகிற உத்தேசமே இல்லாமல் நாலு தேதிக்குக் காருக்கு இடம் பிடித்து வைத்துவிட்டு, ரத்தும் செய்யாமல் இருப்பவர்கள் உண்டு. அந்த இடம் காலியாகவே போகும், கரையில் ஒரு லூயிஸ்காரர் டாக்டரைப் பார்க்கப் போக முடியாமல் நிற்பார். திட்டம் மாறினால் உடனே ரத்து செய்யுங்கள். இதைக் கட்டுரையில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

கட்டுரையின் நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்டோர்னோவேயில் 'கடைத்தெருவில் சாவகாசமாக நடந்து, மீன் சாப்பாடு' என்று வருகிறது. லூயிஸிலும் ஹாரிஸிலும் ஞாயிறு ஓய்வுநாள். ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கப்பல் ஓடத் தொடங்கியதே 2009-இல்தான், அதற்கும் ஊருக்குள் பெரிய எதிர்ப்பு இருந்தது. இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, சில ஹோட்டல்களில் சாப்பாடு கிடைக்கும். ஆனாலும் பெரும்பாலான கடைகள் மூடித்தான் இருக்கும். சனிக்கிழமையே பெட்ரோலை நிரப்பி, ரொட்டியும் முட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் போகத் தோதான இடம் லஸ்கன்டயர் கடற்கரை. வெள்ளை மணல், தண்ணீர் பச்சையும் நீலமுமாக, கால் வைத்தால் ஐஸ். அல்லது காலனிஷ் கற்கள். ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் நட்டு வைத்த கற்கள். தள்ளி நின்று பார் என்று கயிறு கட்டவில்லை, ஊடே நடந்து வரலாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கட்டுரையில் கடைப் பெயர்கள் நிறைய இருந்தன, நேரம் ஒன்றுகூட இல்லை. ஜூனில் இங்கே இரவு பத்து மணிக்குப் பிறகுதான் சூரியன் மறையும். வெளிச்சம் இருக்கிறதே என்று நம் ஆட்கள் இன்னொரு அருவி, இன்னொரு முனை என்று சுற்றிவிட்டு ஒன்பது மணிக்கு ஊருக்குள் வருவார்கள். கிராமங்களில் எட்டு, எட்டரைக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். பாருக்குள் ஆள் இருக்கும், பாட்டு இருக்கும், தட்டில் வைக்க உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டைத் தவிர ஒன்றும் இருக்காது. அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது, மதியச் சாப்பாட்டைப் பெரிதாக வையுங்கள். ராத்திரிக்கு மேசை வேண்டுமானால் முன்பே சொல்லி வையுங்கள், ஸ்கையில் கோடையில் சில வாரம் முன்பே.

மதியம் சாப்பிடத் துறைமுகங்களைவிட நல்ல இடம் இல்லை. ஒபானிலும் மாலெய்க்கிலும் படகு வந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே சாப்பிடலாம். லாங்குஸ்டீன் என்று ஒன்று, நம் இறாலுக்கும் சிங்கி இறாலுக்கும் நடுவிலான உருவம். இந்தக் கடலில் பிடிப்பதில் பெரும்பங்கு ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் லாரி ஏறிவிடுகிறது. இங்கே கிடைக்கும்போது தட்டு நிறைய வாங்கிக் கையாலேயே உடைத்துச் சாப்பிடுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். குளிர் நாளுக்கு கல்லன் ஸ்கிங்க். புகையில் வாட்டிய ஹேடாக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால். வடகிழக்குக் கரையில் கல்லன் என்ற மீன்பிடி ஊரிலிருந்து வந்த சூப். மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவினால் நம் நாக்குக்கும் ஒத்துவரும். ஸ்டோர்னோவேயின் கறுப்பு புட்டிங் பேர்போனது. ரத்தமும் மாட்டுக் கொழுப்பும் சேர்த்துச் செய்வது, தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.

சைவக்காரர்கள் ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பருப்பு சூப் என்று பலகையில் எழுதியிருக்கும். அதைப் பன்றி எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்வது இந்த ஊர் வழக்கம். என் அம்மா வந்திருந்தபோது ஒவ்வொரு கடையிலும் "எந்தத் தண்ணீரில் செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியை எடுக்கவிட்டேன். கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். ஹேகிஸ் என்பது ஆட்டின் உள்ளுறுப்புகளை வைத்துச் செய்யும் இந்த ஊர்ப் பண்டம், அதன் சைவ வடிவமும் 1984 முதலே விற்பனையில் இருக்கிறது. ஓட்ஸ், பருப்பு, காய், மிளகுக் காரம். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது, ஊறுகாயோடு. இல்லாவிட்டால் சமையல்கட்டு உள்ள சிறு வீடாக வாடகைக்கு எடுங்கள். வழியில் வீட்டு வாசல்களில் ஒரு பெட்டி வைத்து முட்டை, கேக், ஜாம் விற்பார்கள், ஆள் இருக்க மாட்டார்கள். எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். சில்லறை வைத்திருங்கள்.

விஸ்கி பற்றிக் கட்டுரையில் இரண்டு பத்தி இருந்தது. ஸ்கையின் கார்பாஸ்டில் டாலிஸ்கர் வடிசாலை, 1830-இலிருந்து நடக்கிறது, பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் ஓட்டுகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் சட்டம் இங்கிலாந்தைவிடக் கடுமை. 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம், அங்கே 80. ஒரு சுற்றுதானே என்று நினைக்காதீர்கள், முந்தின இரவு குடித்தது காலையில் இருந்தாலும் கணக்குதான். வடிசாலைகளில் ஓட்டுநர் என்று சொன்னால் அவர் பங்கைச் சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுப்பார்கள். அறைக்குப் போய்க் குடிக்கலாம்.

மிட்ஜ் என்கிற பூச்சியைப் பற்றியும் மூச்சே விடவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, காற்றில்லாத காலையிலும் மாலையிலும் ஏரிக்கரையில் டிக்கியைத் திறந்து பெட்டி எடுக்கும் நேரத்துக்குள் காது மடல், மயிர்க்கால், சட்டைக் காலர் என்று புகுந்துவிடும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு, கடித்தால் மணிக்கணக்கில் அரிப்பு. கொஞ்சம் காற்று வீசினால் பறக்க முடியாமல் அடங்கிவிடும். மே மாதம் வந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது, மழையும் ஒப்பிட்டுப் பார்த்தால் குறைவு, சாலையோரம் ஆட்டுக்குட்டிகள். பள்ளி விடுமுறையைப் பொறுத்து உங்களுக்கு வசதிப்பட்டால் மே மாதத்தையே சொல்வேன்.

சரி, ஐந்து நாள்தான் இருக்கிறது என்றால்? இன்வர்னெஸுக்கே நேராக வந்து வண்டி எடுங்கள். கிளம்பும் முன் 1746-இல் போர் நடந்த குலோடன் களத்தில் ஒரு மணி நேரம். நெஸ் ஏரியில் அதிகம் மினக்கெட வேண்டாம். ஆழமும் நீளமும் பெரிது, அதில் இருப்பதாகச் சொல்கிற பூதம் தரிசனம் தருவதில்லை. எலன் டோனனில் நில்லுங்கள். 1719-இல் கடற்படை தகர்த்த கோட்டையை 1912 முதல் 1932 வரை திரும்பக் கட்டினார்கள், படத்தில் பார்ப்பதெல்லாம் அந்தப் புதுக் கட்டடம்தான். ஸ்கையில் ஒரே இடத்தில் மூன்று இரவு. தினம் பெட்டி கட்டாதீர்கள். குவிராங் மலைச்சரிவுக்கு விடியற்காலையில் போங்கள், பத்து மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கடைசி நாள் ஆர்மடேலிலிருந்து கப்பலில் மாலெய்க், அங்கிருந்து 1901-இல் திறந்த 21 வளைவுக் கான்கிரீட் ரயில் பாலம் இருக்கிற கிளென்ஃபினன், கிளென்கோ வழியாகக் கிளாஸ்கோ. வண்டியை அங்கேயே விட்டுவிடலாம், ஒரு வழிக்கு விட்டால் கூடுதல் கட்டணம் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். ஹாரிஸ், லூயிஸ் வேண்டுமானால் ஸ்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் அல்லது இன்னும் நாலு நாள் லீவு போட வேண்டும். ஆர்க்னி, அயோனா தீவுகள் அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும். அயோனாவுக்கு வெளியூர்க் காரே அனுமதி இல்லை, எதிர்க்கரையில் ஃபியன்ஃபோர்ட்டில் விட்டுவிட்டு ஆளாகத்தான் போக வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கோடைக்கான முன்பதிவுகள் தொடங்கும் முன்பாக, கைல் ஆஃப் லோகால்ஷ் படகு இப்போது இல்லை என்பதையும், ஸ்டோர்னோவே ஞாயிறு விவரத்தையும் திருத்தமாக வெளியிட்டால் உதவியாக இருக்கும். அந்தத் திட்டத்தைக் கத்தரித்து வைத்திருக்கும் வாசகர்கள் இருப்பார்கள். அவர்களில் சிலர் என் கவுன்டருக்கும் வருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
இன்வர்னெஸ், ஸ்காட்லாந்து